மயிலாக மடியட்டும், பசை வேண்டாம்

நம் ஊர்க் கல்யாணங்களில் மணமக்களுக்கு அடுத்தபடியாகப் புகைப்படக்காரர் அதிக நேரம் செலவிடுவது சீர்வரிசைத் தட்டுகளுக்கு முன்னால்தான். 7, 9, 11 என்று ஒற்றைப்படையில் அடுக்கிய தட்டுகள். பழம், இனிப்பு, வெற்றிலை பாக்கு, வளையல், இப்போதெல்லாம் சாக்லேட்டுக் கோபுரமும் கூட. நடுவில் பட்டுப்புடவை ஒன்று மயிலாகித் தோகை விரித்து நிற்கும். பக்கத்தில் மாப்பிள்ளையின் சட்டைத் துணி தாமரையாகியிருக்கும், துண்டு அன்னமாகியிருக்கும். ஐந்தரை மீட்டர் துணியை ஒரு முழ உயரப் பறவையாக்குவது சாதாரண வேலை அல்ல. அதைச் செய்யும் கைகளை நான் மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் ஒரு குறையையும் சொல்ல வருகிறேன்.

முதலில், பிறர் சொல்லும் ஒரு குறையைப் பார்த்துவிடுவோம். "இது நம் வழக்கமே இல்லை, மலாய்க்காரர்களைப் பார்த்துச் செய்வது" என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மலாய்த் திருமணங்களில் ஹந்தாரான் தட்டுகள் உண்டு, அவையும் பெரும்பாலும் ஒற்றைப்படையில்தான் வரும், சொங்கேட் துணியும் தொழுகை உடையும் அவற்றில் பூவாகவும் பறவையாகவும் மடிந்திருக்கும் என்பது உண்மையே. ஒரே புளோக்கில், ஒரே வெற்றுத்தளத்தில், இந்த வாரம் அவர்கள் வீட்டுக் கல்யாணமும் அடுத்த வாரம் நம் வீட்டுக் கல்யாணமும் நடக்கும் ஊரில் இப்படிப் பார்த்துக் கற்பது இயல்புதானே? கற்றிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கற்றிருக்கலாம் என்பது என் கட்சி. மலாய் அரசர்கள் அணியும் தெங்கோலோக் என்ற தலைப்பாகை, ஒரு சதுரத் துணியை மடித்து உருவாக்குவது. அதன் மடிப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மலேசிய மாமன்னரின் தெங்கோலோக் மடிப்புக்கு 'தெண்டாம் தாக் சூடா' என்று பெயர். 'தீராத வஞ்சம்' என்று பொருள் சொல்லலாம். ஒரு மடிப்புக்கு அப்படிப் பெயர் வைக்கிற சமூகம் மடிப்பை எவ்வளவு ஊன்றிப் பார்த்திருக்க வேண்டும்!

நாமும் அப்படிப் பார்த்தவர்கள்தாம். புடவையின் கொசுவத்துக்குப் பழைய தமிழில் கொய்சகம் என்று பெயர். அங்கவஸ்திரத்தின் விசிறி மடிப்பைப் பார்த்தே அது எந்த வித்துவானுடையது என்று சொல்லக்கூடிய ரசிகர்கள் இருந்தார்கள். சிராங்கூன் சாலையில் 1881இல் எழுந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நவராத்திரி நாள்களில் போய், மற்றக் கோயில்களுக்கும் ஒரு நடை போய், அலங்காரத்தைக் கவனியுங்கள். நாம் புடவை உடுத்துகிறோம். அம்மனுக்கு அதைச் சாத்துகிறார்கள். சொல்லே வேறு. கற்சிலைக்கு இடுப்பு வளையாது, கை தூக்காது. அதன்மேல் ஒரு முழுப் புடவையைக் கொசுவம் கொசுவமாக விசிறவிட்டு நிறுத்துவதற்குக் கயிறும் முடிச்சும் போதும், இங்கும் அங்கும் ஓர் ஊக்கு. மறுநாள் அவிழ்த்தால் புடவை புடவையாகவே இருக்கும். பல கோயில்களில் அம்மனுக்குச் சாத்திய புடவையைப் பக்தர்கள் வாங்கிப் போய் உடுத்துகிறார்களே, அதற்கு இதுதான் காரணம்.

இனி என் குறை. தட்டில் நிற்கும் மயில் அவிழ்வதில்லை. சூட்டுப்பசை, இரட்டைப் பக்க ஒட்டுநாடா, நூற்றுக்கணக்கில் குண்டூசி. என் பெரியப்பா மகள் கல்யாணத்தில், தட்டு அலங்காரத்துக்கு நியமித்தவர் மயிலின் கழுத்தைத் தெர்மோகோலில் பசை வைத்து ஒட்டியிருந்தார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா புடவையைப் பிரித்தபோது முந்தானையில் ஐந்து இடங்களில் சரிகை பெயர்ந்து பசையோடு வந்தது. அதை விலை கொடுத்து வாங்கியது எங்கள் அத்தை, இரண்டு மாதச் சேமிப்பில்.

சரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஒரே கோட்டில் அழுத்தி மடித்து நாள்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டிலேயே முறியும். காஞ்சிபுரம் பட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றிவைக்கச் சொல்வதும் அதனால்தான். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதமோ சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இரும்புக் குண்டூசி ஒரு வாரம் துணியில் இருந்தால் துருக்கறை நிச்சயம். பரிசு கொடுக்கும் அழகுக்காகப் பரிசையே கெடுப்பது என்ன நியாயம்?

அலங்காரம் செய்பவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பன்னிரண்டாம் மாடியிலிருந்து மின்தூக்கியில் இறங்கி, வாடகைக் காரில் ஏறி, மண்டபத்துப் படிகளைக் கடக்கும்வரை தோகை சரியக்கூடாது. சரிந்தால் திட்டு அவர்களுக்குத்தான். அதோடு, நாம் கொடுக்கும் துணியும் எப்போதும் ஒத்துழைப்பதில்லை. முறுக்கேறிய கனத்த பட்டு மடித்தால் நிற்கும். ஜார்ஜெட்டும் கிரேப்பும் நழுவும். நழுவும் துணியில் மயில் கேட்டால் பசை வராமல் என்ன செய்யும்? துணிக்கு ஏற்ற உருவத்தைக் கேட்பதுதான் முறை. பட்டு என்றால் முந்தானையை இரண்டு விரற்கடை அகலத்தில் விசிறியாக மடித்து, நடுவில் பருத்தி நாடாவால் கட்டி, இருபுறமும் விரித்துவிட்டால் தோகை வந்துவிடும். கழுத்துக்கு ரவிக்கைத் துணியைச் சுருட்டினால் போதும். கரையை வெளிப்பக்கம் வருமாறு மடித்தால் சரிகைதான் அழகு, மணியும் முத்தும் வேண்டியதில்லை. ஜார்ஜெட் என்றால் ரோஜாவாகச் சுருட்டிக் கிண்ணத்தில் வையுங்கள்.

ஜப்பானில் பரிசுப் பொருளைச் சதுரத் துணியில் முடிந்து கொடுக்கும் ஃபுரோஷிகி வழக்கம் உண்டு. 2006இல் அந்நாட்டின் சுற்றுப்புற அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பைகளைக் குறைக்க, பழைய பிளாஸ்டிக் போத்தல்களிலிருந்து எடுத்த இழையால் ஒரு ஃபுரோஷிகியையே செய்து காட்டினார். முடிச்சு மட்டும்தான், பசை இல்லை. அவிழ்த்தால் துணி மறுபடியும் துணி.

இதையெல்லாம் ஒரு தமிழ் அமைப்பின் ஆண்டு மலரில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 ஆகிவிட்டது. நாம் பட்டிமன்றமும் பேச்சுப்போட்டியும் நடத்துகிறோம். நல்லதுதான். ஆனால் மேடைத் தமிழில் முந்தி, தலைப்பு, கரை, கொசுவம், பாவு, ஊடை, சாண், விரற்கடை என்ற சொற்களுக்கு இடம் எங்கே? தேக்காவில் பூக்காரர் முழம் போடும்போது ஒரு சொல் பிழைத்திருக்கிறது. தட்டு மடிக்கும் இரவில், கூடத்தில் பாய் விரித்து நான்கு தலைமுறை உட்கார்ந்திருக்கும்போது இன்னும் பத்துச் சொற்கள் பிழைத்திருக்கும். "கரையைப் பிடி, முந்தியை இழு, கொசுவம் கலைகிறது பார்" என்று பாட்டி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல யாருக்கும் தோன்றாது. மொத்த வேலையையும் வெளியே கொடுத்துவிட்டால், புடவையோடு அந்த இரவும் போய்விடும். காசு கொடுத்துச் செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்தபடி தட்டு அலங்காரமும் புடவைக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து இஸ்திரி போடும் வேலையும் செய்து சம்பாதிக்கும் பெண்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். பத்துத் தட்டுகளை அவர்களிடம் கொடுங்கள், பசை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புடவைத் தட்டு ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பெண்களுக்கு இன்னொரு வேலையா?" என்று தோழி ஒருத்தி சண்டைக்கு வந்தாள். நியாயமான சண்டை. ஆனால் சிராங்கூன் சாலையில் மிகச் சிறந்த கொசுவம் வைப்பவர்கள் அர்ச்சகர்கள், அதாவது ஆண்கள். எனவே விடுதியில் சட்டையைக்கூட மடிக்காமல் நாற்காலிமேல் போடும் நம் பொறியியல் மாணவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை.

வரும் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு என் யோசனை இது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒரு வகுப்பறை, நான்கு மேசை. ஆளுக்கு ஒரு பழைய பருத்திப் புடவை, வீட்டில் கேட்டால் கிடைக்கும். கல்யாணப் பட்டைக் கொண்டுவர வேண்டாம். மடித்துக் காட்ட இரண்டு அத்தைமார், கோயிலில் அலங்காரம் செய்யும் ஒருவர், பல்கலைக்கழக மலாய்ப் பண்பாட்டு மன்றத்திலிருந்து ஹந்தாரான் மடிக்கத் தெரிந்த ஒருவர். மேசையில் பருத்தி நாடா மட்டும் இருக்கட்டும். பிற்பகல் முடிவில் எல்லா மயில்களையும் அவிழ்த்து, உதறி, இருவர் இருவராக நின்று நான்காக மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.