காகம் ஏன் கரைகிறது?

ஊரில் சனிக்கிழமைகளில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். முதலில் வந்த காகம் கரைந்து மற்றவற்றையும் கூப்பிடும். வள்ளுவரும் சுற்றந்தழால் அதிகாரத்தில் காகத்தைத்தான் நமக்கு உதாரணம் காட்டுகிறார். ஆனால் இங்கே விஞ்ஞானம் படிக்கும் நம் பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "அது நல்ல குணமா, அல்லது பிறவியிலேயே வந்த இயல்பூக்கமா?"

கேள்வி நியாயமானதுதான். கூட்டைக் காக்க நம்மைக் கொட்டும் வேலைக்காரத் தேனீயின் கொடுக்கு தோலில் சிக்கிக் கழன்றுவிட, தேனீ இறந்துபோகிறது. பார்ப்பதற்கு இது பெரிய தியாகம். ஆனால் அது காப்பாற்றுவது தன் தாயையும் சகோதரிகளையும்தான். உறவு பிழைத்தால் தன் பரம்பரை அலகுகளும் பிழைக்கும் என்பதை 1964இல் வில்லியம் ஹமில்டன் என்ற பிரித்தானிய அறிஞர் கணித முறையில் விளக்கினார்.

இரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் இறந்துவிடும். இரையின்றித் திரும்பியதற்கு, வயிறு நிறைந்த இன்னொன்று தான் குடித்ததைக் கக்கி ஊட்டும். கொஸ்டாரிக்காவில் இதை ஆராய்ந்த ஜெரால்ட் வில்கின்சன், உறவுக்கு மட்டுமன்றி, கூடத் தங்கிப் பழகியதற்கும் அவை ஊட்டுவதாக 1984இல் எழுதினார். இன்று ஊட்டியது நாளை பசித்தால் அதற்கும் கிடைக்கும். நம்மவரின் கைமாற்றுப் போலத்தான்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனை இன்னும் சிந்திக்க வைக்கிறது. அடைபட்ட தோழனை எலி கதவு திறந்து விடுவித்தது. பக்கத்தில் சொக்லேட் இருந்தும் அதில் பங்கு விட்டு வைத்தது. இது 2011இல். வேற்றின எலி அடைபட்டால்? முன்பின் பழகாத இனமென்றால் திறக்கவில்லை. ஆனால் அந்த இனத்து எலி ஒன்றோடு இரு வாரம் சேர்ந்து வாழ்ந்த பின், அவ்வினத்தில் அறியாத எலியையும் விடுவித்தது. பிறந்தது முதல் வேற்றினத்தோடு வளர்ந்த எலியோ, வளர்த்த இனத்துக்கு உதவியது. தன் சொந்த இனத்து அந்நியனுக்கு உதவவில்லை. இம்முடிவுகள் 2014இல் வெளிவந்தன.

எலியின் கதையை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் புதிய நாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. பழக்கமே உறவை உண்டாக்குகிறது. பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகளோடும் பழகட்டும், அயலிலுள்ள பிறரோடும் பழகட்டும். இரண்டில் ஒன்றை மறித்தாலும் இரக்கத்தின் ஒரு கதவு அடைபடலாம்.

இயல்பூக்கம் என்பதால் ஒரு செயல் இழிவாகிவிடாது. அழும் குழந்தையைத் தாய் ஓடிப்போய்த் தூக்குவதும் இயல்பூக்கமே. அதனால் தாயன்பு பொய்யாகிவிடுமா? மனிதருக்கு அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. எலி பழகிய பின்பே திறந்த கதவை, நாம் பழகுமுன்னரே திறக்க முடியும். மற்றவர் நிலையில் நம்மை வைத்து எண்ணிப் பார்க்க நமக்குத் தெரியும்.

இந்நாட்டில் வந்திறங்கிய முதல் நாட்களில் நம்மில் பலருக்கு முகமறியாத ஒருவர் அப்படிக் கதவைத் திறந்திருப்பார். அந்தக் கைமாற்றை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்பதில்லை. நாளை பக்கத்து வீட்டுக்கு வரும் குடும்பம் எந்த மொழி பேசினாலும், அவர்களிடம் கொடுக்கலாம்.