பாஷாணத்தை அளந்து பார்த்தவர்கள்

“ஐயா, நமக்கு ஊரு கூமாப்பட்டி. இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே எங்க ஊரு...” என்று சிரிப்போடுதான் தொடங்கியது அந்த வாய்ஸ் மெசேஜ். வத்திராயிருப்பு பக்கம், பிளவக்கல் அணைக்கு அருகில் இருக்கும் கூமாப்பட்டியை 2025-ல் ஒரு ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

மகனுக்கு 24 வயது. பல் விளக்கும்போது வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அடி எதுவும் படாமல் தொடையிலும் கையிலும் கன்றிப்போன தடங்கள். மதுரையில் பரிசோதித்துவிட்டு, ரத்தப் புற்றுநோய், அதில் ‘ஏ.பி.எல்.’ என்று ஒரு வகை எனச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஆர்செனிக் ஏத்தணும்கிறாக. கேட்டா, அது பாஷாணமாம்ல. எலிக்கு வைக்கிறத எம்புள்ளைக்கு ஏத்தவா? அது போக, ஏதோ ஆராய்ச்சியாம், கையெழுத்துக் கேக்குறாக. பக்கத்து வீட்டு மாமா, ‘சதுரகிரி அடிவாரத்துல இருந்துக்கிட்டு பாஷாணத்துக்கா மதுரைக்குப் போனீக, இங்கனயே வைத்தியரப் பாத்திருக்கலாம்ல’ங்கிறாரு. நான் என்னய்யா செய்ய?”

ஆஸ்பத்திரியை விட்டு நகராதீர்கள், சிகிச்சையை இன்றே தொடங்கச் சொல்லுங்கள் என்று அவருக்கு உடனே பதில் அனுப்பிவிட்டேன். இந்த நோயில் ஒரு நாள் என்பது பெரிய காலம். மற்றதை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அவர் கேட்ட மூன்று கேள்விகளும் நம் எல்லோருக்குள்ளும் இருப்பவை.

ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் அணுக்கள் எந்தக் கட்டத்தில் தறிகெட்டுப் போகின்றன என்பதைப் பொறுத்துப் பல வகைகள். ஏ.பி.எல்., அதாவது அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியாவில், வெள்ளை அணுக்களின் ஒரு வகை பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோய், பிஞ்சாகவே பெருகும். 15-வது, 17-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உருவாகும் ஒரு கோணல் புரதம்தான் இதற்குக் காரணம். அந்தப் பிஞ்சு அணுக்கள் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடும். அதனால்தான் ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம், பெண்களுக்கு நிற்காத மாதவிலக்கு. மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பிளேட்லெட் குறைந்தாலே டெங்குதான் என்று முடிவுகட்டி, பப்பாளி இலைச் சாறு பிழிந்துகொண்டு நான்கு நாள் வீட்டில் உட்காருவது நம் பக்கத்து வழக்கம். ரத்தம் கசியும்போது அப்படி உட்காரக் கூடாது.

இனி பாஷாணத்துக்கு வருவோம்.

அந்த அம்மா பயந்ததில் நியாயம் இருக்கிறது. ரத்தத்தில் ஏற்றுவது ஆர்செனிக் ட்ரைஆக்ஸைடு. நம் வைத்திய நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இதைத்தான். சந்தேகமே வேண்டாம், விஷம்தான். பக்கத்து வீட்டு மாமா சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. பழநியில் நவபாஷாணச் சிலையைப் போகர் செய்தார் என்று நம்புகிற நாடு இது. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிறவர்களிடம் கேட்டால், சித்தர்கள் எந்தப் பாஷாணத்தை எப்படிச் சுத்தி செய்தார்கள் என்று மகாலிங்கம் சந்நிதி வரும்வரை கதை சொல்வார்கள். நஞ்சு மருந்தாகும் என்பது நமக்குப் புதுச் செய்தி அல்ல.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு; அளவோடு நின்றால் நஞ்சும் அமிர்தம். சொல்வது சுலபம். அந்த ‘அளவு’ எவ்வளவு? எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எந்த வகைப் புற்றுநோய்க்கு? பத்துப் பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள்? இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல உலகத்துக்கு 200 வருடத்துக்கு மேல் ஆனது.

1786-ல் தாமஸ் ஃபவுலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆர்செனிக் கலந்த திரவம் ஒன்றைச் செய்தார். காய்ச்சல், தோல் நோய் என்று எல்லாவற்றுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1865-ல் ஜெர்மனியில் லிஸ்ஸவர் என்ற மருத்துவர் அதை ஒரு ரத்தப் புற்றுநோயாளிக்குக் கொடுத்து, கொஞ்ச காலம் நன்றாக இருந்ததாக எழுதிவைத்தார். அப்புறம் கதிர்வீச்சும் கீமோதெரபியும் வந்தன. ஆர்செனிக் மூலைக்குப் போய்விட்டது.

அதை மூலையிலிருந்து எடுத்தது சீனா. 1970-களின் தொடக்கத்தில், வடகோடியில் இருக்கும் ஹார்பின் நகர மருத்துவர்களுக்கு ஒரு நாட்டு வைத்தியரின் மருந்தைப் பற்றித் தெரியவந்தது. ஆர்செனிக், பாதரச உப்பு, தேரை விஷம் மூன்றும் சேர்ந்த கலவை. ஜாங் டிங்தோங் என்ற மருத்துவரும் ஹான் தைய்யுன் என்ற மருந்தாளரும் அதைக் கும்பிடவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. பிரித்துப் பார்த்தார்கள். நோயை அடக்குவது ஆர்செனிக்தான், மற்ற இரண்டும் தேவையில்லாத நஞ்சு என்று தெரிந்தது. ஆர்செனிக்கை மட்டும் சுத்தமாக எடுத்து ஊசி மருந்தாக்கினார்கள். எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுத்துப் பார்த்ததில், ஏ.பி.எல். வகைக்குத்தான் அது அற்புதமாகக் கேட்டது.

அதே நாட்டில், ஷாங்காயில், வாங் ஜென்யி என்ற மருத்துவர் வேறு வழியில் போனார். பிஞ்சு அணுவைக் கொல்லாமல் முதிரவைத்தால் என்ன என்று யோசித்தார். 1985-ல் 5 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, வைட்டமின் ஏ-யின் உறவான ‘ட்ரெடினாயின்’ மருந்தைக் கொடுத்தார். அவள் தேறினாள். 1988-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 24 நோயாளிகள்; 23 பேருக்கு அந்த மருந்து மட்டுமே போதுமானதாக இருந்தது. அந்தக் கோணல் புரதத்துக்கு இரண்டு பாதி. ட்ரெடினாயின் ஒரு பாதியைப் பிடிக்கிறது, ஆர்செனிக் மறு பாதியைப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து அதை அழிக்கின்றன. இந்த விளக்கம் பின்னால்தான் வந்தது. கணக்கு முதலில் வந்துவிட்டது.

2000-ல் அமெரிக்காவும் ஆர்செனிக்கை ஏற்றுக்கொண்டது; அதுவும் நோய் திரும்பி வந்தவர்களுக்கு மட்டும். விலையோ நம்மூர்க் குடும்பங்களுக்கு எட்டாத உயரம். முதல்முறை நோய் வந்தவர்களுக்கு அப்போதைய வழக்கம், ட்ரெடினாயினோடு கடும் கீமோதெரபி. அதையும் நம்மால் தாங்க முடியாது. மருந்து விலை ஒரு பக்கம். கீமோவால் எதிர்ப்பு சக்தி விழுந்து, கிருமி தொற்றி, அதற்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவு இன்னொரு பக்கம்.

இந்த இடத்தில்தான் வேலூர் வருகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், மேமன் சாண்டி வளர்த்தெடுத்த ரத்தவியல் துறையில், விக்ரம் மேத்யூஸும் சக மருத்துவர்களும் பணக்கார நாடுகள் அப்போது அதிகம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்கள். முதல்முறை நோய் வந்தவர்களுக்கே ஆர்செனிக்கை மட்டும் கொடுத்தால் என்ன? மருந்தைத் தங்கள் மருத்துவமனையிலேயே தயாரித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். நோய் அடங்கும்வரை, அதிகபட்சம் 60 நாள். பிறகு இடைவெளி, மறுபடி 4 வாரம், அப்புறம் 6 மாதத்துக்கு மாதம் 10 நாள். வெள்ளை அணுக்கள் எகிறினால் மட்டும் வேறு மருந்தும் துணைக்கு வந்தது.

1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை 72 பேர் இந்தச் சிகிச்சைக்கு வந்தார்கள். 62 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. வெள்ளை அணுக்கள் 5,000-க்குக் கீழும் பிளேட்லெட் 20,000-க்கு மேலும் இருந்த 22 பேரில், 2006-ல் ஆய்வு வெளியானபோது ஒருவர்கூட இறக்கவில்லை, ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்கு அவ்வளவு நல்ல முடிவு இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். 2010-ல், 5 வருடக் கணக்கைப் போட்டபோது மொத்தத்தில் 100-க்கு 74 பேர் உயிரோடு இருந்தார்கள்.

வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமாக எனக்குத் தெரிவது இந்தக் கணக்குதான். “எங்க தாத்தா கொடுத்தார், ஒருத்தன் பிழைத்தான்” என்பதில் பிழைக்காதவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல ஆள் இருக்காது. வேலூர்க் கணக்கில் பிழைக்காதவர்களும் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

2013-ல் இத்தாலியின் லோ-கோகோ தலைமையிலான குழு இன்னும் ஒரு படி போனது. சாதாரண ஆபத்துள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ட்ரெடினாயினும் ஆர்செனிக்கும், மறு பிரிவுக்கு ட்ரெடினாயினும் கீமோவும் கொடுத்தார்கள். 2 வருடம் கழித்து, எந்தப் பின்னடைவும் இல்லாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 97 சதவிகிதம், இரண்டாவதில் 86. இன்று இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு உலகெங்கும் கீமோ இல்லாத இந்தச் சிகிச்சைதான். வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருந்தால் மட்டும் கூடுதல் மருந்து சேரும். ஒரு காலத்தில் டாக்டர்களே பயந்த நோய், ரத்தப் புற்றுநோய்களில் அதிகம் குணமாகும் வகைகளில் ஒன்றாகிவிட்டது.

மாமாவுக்குப் பதில் இதில் வந்துவிட்டது என்றாலும், வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஆர்செனிக் ஏற்றும் நாள்களில் இதயத் துடிப்பின் லயம் மாறலாம். அதனால் அடிக்கடி ஈ.சி.ஜி. எடுப்பார்கள், ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் குறையாமல் பார்ப்பார்கள். திடீரென்று காய்ச்சல், மூச்சுத் திணறல், உடம்பு வீக்கம் வந்தால் சில மணி நேரத்தில் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். இவ்வளவு காவலோடு கொடுக்கிற பொருள் அது. எடை தெரியாத, கலப்படம் தெரியாத ஒரு சிட்டிகைப் பொடியாக வாங்கி வீட்டில் கொடுத்தால், அது பழைய வெள்ளைப் பாஷாணமாகவே வேலை செய்யும். வாய்வழி ஆர்செனிக் சீனாவிலும் ஹாங்காங்கிலும் உண்டு. அதுவும் இதே மாதிரி அளந்து, ஆய்வு செய்து வந்ததுதான்.

மூன்றாவது கேள்வி, கையெழுத்து. “எம்புள்ளைய எலியாக்கிருவாகளோ” என்று அந்த அம்மா கேட்டார். இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். ஆந்திராவிலும் குஜராத்திலும் பள்ளிச் சிறுமிகளிடம் நடந்த ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு 2010-ல் நிறுத்தப்பட்டது. சம்மதம் வாங்கிய முறையை 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. ஏழைகளின் கையெழுத்து மலிவாகப் போன நாள்கள் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1970-களில் இந்தியாவில் குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோயில், பின்னடைவு இல்லாமல் 4 வருடம் தாண்டியவர்கள் 20 சதவிகிதத்துக்கும் கீழே. 1984-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ‘எம்.சி.பி. 841’ என்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்ற ஆரம்பித்தன. அடையாறில் டாக்டர் சாந்தாவின் காலம் அது. அந்தச் சதவிகிதம் 45-லிருந்து 60 வரை ஏறியது. 2023 அக்டோபரில், நோயாளியின் சொந்த டி-செல்களையே மாற்றிப் புற்றுநோயோடு மோதவிடும் ‘நெக்ஸ்கார்19’ சிகிச்சைக்கு இந்தியா அனுமதி கொடுத்தது, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கியது. எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒரு அம்மா நடுங்கும் கையோடு போட்ட கையெழுத்து இருக்கிறது.

ஆகவே, போடலாமா என்றால், கேட்டுவிட்டுப் போடுங்கள். புற்றுநோய் ஆய்வுகளில் பொதுவாக, இருக்கிற நல்ல சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிடுவார்கள். ஆனாலும் “சேராவிட்டால் எம்புள்ளைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், சேர்ந்தால் என்ன மாறும்?” என்று நேராகக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளைச் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிய வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், அதில் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம். 2019-ன் விதிகள்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவம் தர வேண்டும். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஒன்று மட்டும்: கையெழுத்தை யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம், ட்ரெடினாயினுக்கு நேரம் எடுக்கக் கூடாது. ஏ.பி.எல். என்ற சந்தேகம் வந்த அன்றே, மரபணுப் பரிசோதனை முடிவு வரும் முன்பே, அதைத் தொடங்கிவிடுவதுதான் முறை.

ஊரில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தார். முதல் சில வாரங்களுக்கு இந்த நோயாளிக்குப் பிளேட்லெட் நிறையத் தேவைப்படும். எடுத்த பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். அதனால் ஒரே நாளில் வேன் பிடித்து இருபது பேர் போய் இறங்க வேண்டாம். தானம் செய்யத் தயாராக இருக்கிற பிள்ளைகளின் பெயர், ரத்த வகை, போன் நம்பரை ஒரு தாளில் எழுதி ரத்த வங்கியில் கொடுத்துவிட்டு, அவர்கள் கூப்பிடுகிற நாளில் இரண்டிரண்டு பேராகப் பஸ் ஏறுங்கள். போகும்போது வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.