மைக்கு முன் ஒரு வெள்ளைப் பூச்சு!

கண்ணுக்கு மை போதாதாம். மைக்கு முன்னால் இன்னொரு பூச்சு வேண்டுமாம்!

அதன் பெயர் "பிரைமர்". சுவருக்கு வர்ணம் அடிக்கும் முன் ஒரு பூச்சுப் பூசுவார்கள் அல்லவா? அதே வேலைதான். மஸ்காரா தீட்டுவதற்கு முன் பெண்கள் இதை இமை மயிரில் தடவிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும். மெழுகும், காய்ந்ததும் ஏடு போலப் படியும் பசைப் பொருளும் இதில் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு மயிரையும் அது சுற்றிக்கொள்கிறது; மயிர் பருக்கிறது. மேலே கறுப்பு ஏறியதும் இமை அடர்த்தியாகத் தெரிகிறது.

இது வெறும் வியாபார ஜாலமா? முழுவதும் அப்படி அல்ல. சோதித்துப் பார்ப்பதும் சுலபம். ஒரு கண்ணுக்குப் பிரைமரும் மஸ்காராவும். மறு கண்ணுக்கு மஸ்காரா மட்டும். மெலிந்த, குட்டையான இமை மயிர் உள்ள பெண்ணுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிறவியிலேயே கருகருவென்று அடர்ந்த இமை உள்ளவளுக்கு? காசுதான் குறையும்.

தடவுவதற்கும் பக்குவம் உண்டு. பிரைமர் காய்ந்து விறைத்த பிறகு மஸ்காரா தீட்டினால், திரி திரியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். லேசாக ஈரம் இருக்கும்போதே தீட்டிவிட வேண்டும். அரைகுறையாகத் தீட்டினாலோ, கறுப்புக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்க்கும். இருபது வயதில் நரைத்த இமை!

"இமைக்கு ஊட்டம் தருகிறது" என்று சில பெட்டிகளில் அச்சடித்திருப்பார்கள். அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். தோலுக்கு வெளியே நிற்கும் மயிருக்கு உயிர் கிடையாது. வளர்ச்சி எல்லாம் வேரில்தான். இமை மயிரை வளர்ப்பதற்கென்று அமெரிக்க அரசாங்கம் 2008-ம் ஆண்டில் அனுமதித்த மருந்து ஒன்று உண்டு. பிமாட்டோபிராஸ்ட் என்பது அதன் பெயர். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக வந்தது அது. அதற்கு அங்கே டாக்டர் சீட்டு வேண்டும். பிரைமர் மருந்து அல்ல, வேஷம். வேஷம் போடுவது குற்றமில்லை. வேஷத்தை வைத்தியம் என்று விற்பதுதான் தவறு.

இமை அழகு பெரிய வியாபாரமானது அமெரிக்காவில். சிகாகோ நகரில் 1915-ம் ஆண்டில் டாம் லைல் வில்லியம்ஸ் என்பவர் தம் சகோதரி மேபலின் பெயரை ஒட்டி "மேபலின்" கம்பெனியைத் தொடங்கினார். பிறகு வந்த மஸ்காரா சிறு வில்லையாக இருந்தது. பிரஷை நனைத்துத் தேய்க்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் எச்சிலைத் தொட்டுக்கொண்டவர்களும் உண்டு!

அதே நாட்டில்தான் அந்த விபரீதமும் நடந்தது. 1930-களில் "லாஷ் லூர்" என்ற இமைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த ரசாயனம் கண்களைப் புண்ணாக்கியது. அழகுக்காகப் போட்டுக்கொண்ட பெண் ஒருத்தி பார்வையையே இழந்தாள். இன்னொருத்தி உயிரையே விட்டாள். அழகுப் பொருளைத் தடுக்க அன்று அங்கே சட்டம் இல்லை. 1938-ம் ஆண்டில்தான் புதிய சட்டம் வந்தது. கண் போன பிறகு வந்த சட்டம்!

இன்றைய பிரைமர் அப்படிப்பட்ட விஷச் சாயம் அல்ல. ஆனாலும் கண்ணின் ஓரத்தில் போடுவது. குழாய்க்குள் பிரஷ் போய்ப் போய் வரும்போது கிருமியும் கூடவே போகிறது. மூன்று மாதத்தில் தூக்கி எறிந்துவிடும்படி நிபுணர்கள் சொல்கிறார்கள். பிரைமரும் வைத்திருப்பவளுக்கு எறிய வேண்டியவை இரண்டு குழாய்கள். பாதி மிச்சம் இருக்கிறதே என்று மனசு கேட்காதுதான். தங்கைக்கும் தோழிக்கும் அதையே கொடுப்பது இன்னும் மோசம். ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்து தீட்டுவதோ, கேட்கவே வேண்டாம். ஒரு குலுக்கல் போதும், பிரஷ் முனை கருவிழியைக் கீறிவிட!

வாங்கிப் பார்க்க நினைக்கும் பெண், கடைக் கண்ணாடியில் பார்த்ததோடு முடிவு செய்துவிடக் கூடாது. அந்த ஒரு கண் சோதனையை இரவு வரை நீட்டிக்க வேண்டும். கண்ணைக் கசக்காமல், எண்ணெய்ப் பசையுள்ள துடைப்பு நீரில் பஞ்சை நனைத்து, மூடிய இமை மேல் சற்று நேரம் வைத்து எடுக்கட்டும். எந்தக் கண்ணுக்கு எத்தனை பஞ்சு ஆயிற்று, பஞ்சோடு எத்தனை மயிர் வந்தது என்று எண்ணட்டும். அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.