ஆய்வு வேண்டா என்பார்க்கு

அரசாங்க மருத்துவமனைக்கு ஆராய்ச்சி எதற்கு, வந்த நோயாளிக்கு மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்போர் உளர். பயிற்சி மருத்துவருக்குப் பாடம் சொல்லும் நேரத்தில் இன்னும் பத்துப் பேரைப் பார்த்தனுப்பலாமே என்பதும் அவர்தம் வாதம். இவர்கள் இந்நாட்டு வரலாற்றைப் புரட்டிப் பாராதவர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் மருத்துவமனைகளில் பெரிபெரி நோயாளிகள் நிறைந்து கிடந்தனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் திரளாக மாண்டனர். புழுங்கலரிசிச் சோறுண்ட தோட்டத் தமிழரை அந்நோய் அத்துணை வாட்டவில்லை. இவ்வேற்றுமையைச் சுட்டியவர் பிராடன், சோதித்தறிந்தவர் பிளெட்சர். இருவரும் அரசாங்க மருத்துவர்களே. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு சாராருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசியையும், மறுசாராருக்குப் புழுங்கலரிசியையும் பிளெட்சர் இடச்செய்தார். முன்னவருள் 18 பேர் அந்நோயால் இறந்தனர். பின்னவருள் ஒருவரும் இறக்கவில்லை. (நோயாளியின் இசைவைப் பெறும் முறை அன்று இல்லை, அது குறையே, மறைப்பதற்கில்லை.) மருந்துப் புட்டியை மட்டும் நம்பியிருந்தால் அரிசியின் குற்றம் எவ்வாறு வெளிப்பட்டிருக்கும்?

அவ்வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. 1991 முதல் மலேசியாவில் மகப்பேற்றின்போது நேரும் தாய்மார் இறப்புகள் பெயர் மறைத்து ஆராயப்படுகின்றன. குற்றவாளியைப் பிடிப்பதற்கன்று, எப்படியில் தவறு நேர்ந்ததென்று கண்டு மருத்துவர்க்கும் தாதியர்க்கும் கற்பிப்பதற்கே. இதனை வீண் எழுத்துவேலை என்று இகழ்வோர், அடுத்துப் பேற்றறைக்கு வரும் தாய்க்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?