கண்ணில் பச்சிலைச் சாறு வேண்டாம்



சோளத்தட்டையோ நெல்தாளோ கண்ணில் கீறினால் நந்தியாவட்டைச் சாறு பிழிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கீறல் வழியாகத்தான் பூஞ்சை கருவிழிக்குள் இறங்குகிறது. பச்சைச் சாறு மேலும் கிருமியைச் சேர்க்கும்.

மஞ்சளிலுள்ள குர்குமின் பூஞ்சையை அடக்குவதைச் சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அது தண்ணீரில் எளிதில் கரையாது. அம்மியில் அரைத்த மஞ்சள் கண் மருந்தாகிவிடாது.

இன்று டாக்டர்கள் தரும் நாடாமைசின் சொட்டு மருந்தும் இயற்கை தந்ததே. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. அரவிந்த் கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டு, வோரிகோனசோலைவிட அதுவே மேல் என்று 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சோதித்ததால்தான் நம்புகிறோம். மூலிகையும் அந்தப் பரீட்சை எழுதித் தேறட்டும்.

அதுவரை, கண்ணில் அடிபட்டால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். கடையில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். பூஞ்சை இன்னும் பரவும்.