வீட்டை அடகு வைத்தவர் சொன்னது

வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளை விளையாட்டில் இறக்கிவிடாதீர்கள் என்று பேட்மிண்டன் பயிற்சியாளர் கோபிசந்த் 2025 பிப்ரவரியில் சொன்னதும் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வருத்தம்தான் வந்தது, ஏனென்றால் சொன்னவர் யார்? ஹைதராபாத் கச்சிபௌலியில் அரசு கொடுத்த 5 ஏக்கரில் அகாடமி கட்டப் பணம் போதாமல் குடும்ப வீட்டையே அடகு வைத்தவர். 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற மனிதருக்கே அந்த நிலை. அந்த அகாடமியில் வளர்ந்த சாய்னாவும் சிந்துவும் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தார்கள். பதக்கம் வரை வராமல் போன பிள்ளைகளை நினைத்துத்தான் அவர் பேசினார். கல்லூரிப் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை என்று இருபத்தைந்து வயதில் வீடு திரும்புகிறவர்களைத் தாங்க வேண்டிய இடம் கல்லூரி. நம் கல்லூரிகளிலோ சேர்க்கை ரசீதில் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும் பெண்ணுக்கு ஸ்பைக் ஷூவும் முன்பதிவு செய்த ரயில் டிக்கெட்டும் மட்டும் கிடைக்காது. முட்டையும் பாலும் அப்புறம். போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப்பதிவு கேட்டு அவள் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அந்த ஒரு வரியில் வசூலான தொகை எவ்வளவு, யாருக்கு எதற்குச் செலவானது என்று ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பெற்றோர் கேட்டால் அந்தக் கணக்கைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.