முதல் பத்து நாள் பக்கத்தில் உட்காருங்கள்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சு வழக்கம்போல் பிள்ளைகளின் பக்கம் திரும்பியது. "இந்தக் கணிப்பொறி விளையாட்டுத்தான் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்றார் ஒரு நண்பர். "அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டால்தான் உருப்படுவார்கள்" என்றார் இன்னொருவர். 2024-க்கு முன் என்றால் நானும் ஆமோதித்திருப்பேன். அன்று பேசாமல் வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் வள்ளியூர். 1984-இல் பாறசாலையில் ஒரு சிறிய பாத்திரக் கடை வைத்து, பிறகு குளத்தூரில் வீடு கட்டிக் குடியேறினேன். மகன் பஹ்ரைனில் வேலை பார்க்கிறான். மருமகளும் பேரனும் எங்களோடு இருக்கிறார்கள். பேரனுக்குப் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். அதுவும் "சாப்பிட வா", "குளிச்சியா" என்ற அளவோடு நின்றுவிடும்.

2024 ஓணம் விடுமுறையில் ஓர் இரவு, மணி பத்தாகியும் அவன் கணிப்பொறியை விட்டு எழவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை கூப்பிடாமல் இணைய இணைப்பின் சுவிட்சை அணைத்துவிட்டேன். பையன் அழுதுவிட்டான். "அப்பா அங்க வந்து நிக்காவ தாத்தா! எனக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்காவ!" என்றான். எங்கே நிற்கிறான் என்று கேட்டேன். விண்வெளியில் ஒரு நிலையத்தில் என்றான்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. பஹ்ரைனில் வேலை முடிந்து அறைக்கு வந்த என் மகனும் இங்கே என் பேரனும் ஒரே விளையாட்டில் தனித்தனிக் கப்பல் ஓட்டி, குறித்த நேரத்தில் ஒரே நிலையத்தில் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தொலைபேசியில் "நல்லாருக்கியா, படிக்கியா" என்பதற்கு மேல் பேச்சு நீளாத அப்பனுக்கும் பிள்ளைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் சேர்ந்திருக்கும் நேரம். நான் அணைத்தது அதைத்தான். மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு, "எனக்கும் சொல்லிக்கொடு" என்றேன்.

விளையாட்டின் பெயர் எலைட் டேஞ்சரஸ். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலுள்ள ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் என்ற நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. இதன் மூத்த பிள்ளையான எலைட், டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதி, 1984-இல், நான் கடை தொடங்கிய அதே ஆண்டில் வெளிவந்தது. இப்போதைய விளையாட்டில் நம் பால்வீதி மண்டலத்தையே உண்மையான அளவில், ஏறக்குறைய நாற்பதாயிரம் கோடி விண்மீன் குடும்பங்களோடு அமைத்திருக்கிறார்கள். இன்னதைச் செய் என்று யாரும் கட்டளையிடுவதில்லை. சரக்கு ஏற்றலாம், கடிதம் கொண்டுபோகலாம், யாரும் போகாத விண்மீனைப் பார்த்து வரலாம், சண்டையும் போடலாம்.

புதிதாக வருபவனுக்குக் கிடைப்பது சைடுவைண்டர் என்ற மிகச் சின்னக் கப்பலும், கையில் ஆயிரம் கிரெடிட் பணமும். பேரன் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் எல்லோரும் ஊர்விட்டு ஊர் வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் சில்லறையுமாகத்தானே வந்தோம்!

அந்தச் சின்னக் கப்பலை மட்டமாக எண்ணக் கூடாது. அது உடைந்தால் இன்னொன்று இலவசமாகத் தருவார்கள். பெரிய கப்பல் உடைந்தால் அதன் விலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். ஏற்றியிருந்த சரக்கு போனது போனதுதான். ஆகவே விழுந்து எழுந்து படிப்பதற்கு ஏற்றது அந்தச் சின்னக் கப்பலே. என் பேரன் அவசரக்காரன். கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்துச் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேல் சம்பாதித்து, அத்தனையையும் போட்டு ஒரு பெரிய சரக்குக் கப்பல் வாங்கினான். மிச்சமிருந்த பணத்துக்கெல்லாம் சரக்கு ஏற்றினான். வழியில் ஒரு கொள்ளைக்காரன் மறித்தான். கப்பலும் போயிற்று, சரக்கும் போயிற்று, மீட்கக் கையில் காசும் இல்லை. மறுபடியும் சைடுவைண்டர்.

அவனை நான் திட்டவில்லை. கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டு, கையிலிருந்த முதலையெல்லாம் பித்தளைப் பானைகளில் போட்டுவிட்டு, வாடகை கொடுக்க வழியில்லாமல் நின்றவன் நான். அந்தக் கதையை அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். "முதலை முழுக்கச் சரக்கில் முடக்காதே, விழுந்தால் எழுந்திருக்கக் கையில் கொஞ்சம் வை" என்று எத்தனை முறை பொதுவாகச் சொல்லியிருப்பேன்! காதில் ஏறியதில்லை. அன்று ஏறியது.

புதியவன் திணறும் இடங்கள் இன்னும் மூன்று உண்டு.

முதலாவது, நிலையத்தில் இறங்குவது. ஏழரை கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்ததும் அனுமதி கேட்க வேண்டும். மேடை எண் ஒன்று தருவார்கள். சுழன்றுகொண்டிருக்கும் நிலையத்தின் குறுகிய வாயிலில் மெதுவாக நுழைந்து, கப்பலின் கால்களை இறக்கி, அந்த எண்ணுள்ள மேடையில் அமர வேண்டும். வேகமாகப் போய் மோதினால் அபராதம். நான் முதல் தடவை கால்களை இறக்க மறந்து கப்பலை மேடைமேல் உரசிக்கொண்டே இருந்தேன். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். தானே இறக்கிவிடும் கருவியும் உண்டு. பத்து முறையாவது கையால் இறக்கிப் பழகிய பிறகு அதை வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது, வேகம். நெடுந்தூரம் போகும்போது சேருமிடத்துக்கு எத்தனை நேரம் என்று திரையில் ஓடும். அது ஏழு விநாடியாகக் குறையும்போது வேகத்தை முக்கால் பங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பொறுக்காமல் விரட்டினால் இடத்தைத் தாண்டிப் போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதுதான்.

மூன்றாவது, எரிபொருள். எல்லா விண்மீனிலும் எரிபொருள் எடுக்க முடியாது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகையில்தான் முடியும்; அதற்கும் தனிக் கருவி பொருத்தியிருக்க வேண்டும். பேரன் அது தெரியாமல் நடுவழியில் நின்றான். கப்பலின் விசை அணைந்தால் சாதாரணக் கருவியில் ஐந்து நிமிடத்துக்குத்தான் பிராணவாயு. இப்படி நிற்பவர்களுக்கு எரிபொருள் கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே 'ஃபியூயல் ரேட்ஸ்' என்று விளையாடுபவர்களே சேர்ந்து ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. முகமறியாத ஒருவர் எங்கிருந்தோ வந்து எரிபொருள் கொடுத்துவிட்டுப் போனார். 1984-இல் பாறசாலையில் மொழி தெரியாமல் நின்ற என்னைக் கூட்டிப்போய் வாடகைக்கு இடம் பிடித்துக் கொடுத்த மலையாளி நண்பரை அன்று இரவு நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. பேரனுக்கு முதலில் பூமியைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் நம் சூரியக் குடும்பத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும்; அதற்கு ஊழியம் செய்து ஒரு பதவி பெற வேண்டும். "சொந்த வீட்டுக்குப் போக எதுக்குச் சீட்டு?" என்று கோபப்பட்டான். கூப்பிடு தூரத்தில் கொல்லங்கோட்டில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போக 2020-இல் நாங்கள் பாஸ் எடுக்க வேண்டியிருந்ததை நினைவுபடுத்தினேன். நம்மைப்போல் எல்லையில் வாழ்கிறவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பேச்செல்லாம் தமிழில் நடந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். திரையில் இருப்பது முழுக்க ஆங்கிலம். எனக்கு விளங்க வேண்டுமானால் அவன் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். 'இறங்குமேடை', 'சுற்றுப்பாதை' என்ற சொற்களை நாங்கள் இருவரும் தேடிப் பிடித்தோம். பாடப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் வராத தமிழ், கிழவனுக்குக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது வந்தது.

குறைகளை மறைக்கவில்லை. நேரம் போவதே தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளி நாளில் முக்கால் மணி, விடுமுறையில் ஒன்றரை மணி. நிலையத்தில் இறங்கிய பிறகு அணைப்பது என்பது உடன்பாடு. பாதி வழியில் அணைக்கச் சொல்வது நியாயமில்லை. முன்பின் தெரியாதவர்கள் புதியவனைச் சுட்டு வீழ்த்தி மகிழ்வதும் உண்டு. அதற்குத் தனியாகவோ, அழைத்தவர்கள் மட்டும் சேரும் குழுவிலோ விளையாட வழி இருக்கிறது; பிள்ளைகளை அதிலேயே விடுங்கள். 2024 முதல் நிஜப் பணம் கொடுத்தே சில கப்பல்களை வாங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உழைக்காமல் வந்த கப்பலை ஓட்டத் தெரியாது. தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளுக்குப் புதிய பகுதிகள் தருவதை 2022-இல் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 30 அன்று நம் விண்வெளி ஆய்வு நிறுவனம் 'ஸ்பேடெக்ஸ்' என்று, ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்களை ஏவியது. விண்ணில் அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதே நோக்கம். ஜனவரி 12 அன்று மூன்று மீட்டர் வரை நெருக்கிக் கொண்டுவந்து, மீண்டும் பின்னே நகர்த்திவிட்டார்கள். செய்தி கேட்டு நான் ஏமாந்துபோனேன். பேரன் சொன்னான்: "சரியாத்தான் செஞ்சிருக்காங்க தாத்தா. கோணல் வந்தா பின்வாங்கித்தான் திரும்ப வரணும்." ஜனவரி 16 அன்று இணைந்தது. ரஷ்யா, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடாக நாம் வந்தோம். அந்த வாரமே அவனைத் தும்பாவுக்குக் கூட்டிப்போனேன். 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ராக்கெட் புறப்பட்ட இடம் அது. அன்று அலுவலகமாக இருந்த மாதா கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் நான் போனதில்லை. பேரனால் போனேன்.

என் கருத்து இதுதான். விளையாட்டைப் பிடுங்குவதும் தவறு, பிள்ளையை அதில் தனியே விட்டுவிடுவதும் தவறு. முதல் பத்து நாள் பக்கத்தில் உட்காருங்கள். தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம்; கேளுங்கள், தமிழில் கேளுங்கள். புது ஊரில் நமக்குக் கைகொடுக்க ஒருவர் இருந்ததால்தானே நாம் நிலைத்தோம்? நம் வீட்டுக்குள்ளேயே புது உலகத்தில் கால் வைக்கும் பிள்ளைக்கு நாம்தான் அந்த ஒருவராக இருக்க வேண்டும்.

இப்போதும் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு என் மகன் அந்த நிலையத்துக்கு வருகிறான். பஹ்ரைனில் அப்போது மணி ஆறு. முன்பு இரண்டு கப்பல்கள் நிற்கும். இப்போது மூன்று. மூன்றாவது என்னுடைய சைடுவைண்டர்.